கேட்காத குரல்: ஹெட்போன் பிளக் மாற்றுவோம்

எட்டாம் வகுப்பு ஆங்கிலக் கேட்டல் பயிற்சி. "டீச்சர், எனக்குப் பேசுறது கேட்கலை" என்றாள் ஒரு மாணவி. அவளுடைய ஹெட்போனை வாங்கி, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டேன். இசை நன்றாகவே கேட்டது. "நல்லாத்தானே இருக்கு, கவனமாக் கேளு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மூன்று வாரமும் அவள் குறைந்த மதிப்பெண்ணே பெற்றாள். பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் வாரம், பாட்டுக்குப் பதிலாக அந்தப் பயிற்சி ஒலிப்பதிவையே அதில் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு சத்தமும் இல்லை!

காரணத்தை எங்கள் அறிவியல் ஆசிரியர் விளக்கினார். ஹெட்போன் பிளக்கில் கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடது காதுக்கு, நடுப்பகுதி வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. பொது வயர் மட்டும் அறுந்தால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடுதான் காதில் விழும். பாட்டில் சில கருவிகள் ஒரு பக்கம் கூடுதலாக ஒலிப்பதால் அவை கேட்கும். பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பதிவாகியிருப்பதால் மறைந்துவிடும். அன்று நான் இசையைக் கேட்டேன். பாடுபவரின் குரல் வருகிறதா என்று கவனிக்கவில்லை.

ஆய்வக மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைக் கொட்டினோம். ஏழு ஹெட்போன்கள். அவற்றில் ஐந்தில் பழுது ஒரே இடத்தில்: வயர் பிளக்கினுள் நுழையும் இடம். வயரைப் பிடித்து இழுப்பதால் அங்கேதான் முதலில் அறுகிறது. ஒலி ஓடும்போது அந்த இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். சத்தம் வந்து வந்து போனால் பிளக்கை மாற்றினால் போதும். 3.5 மி.மீ. பிளக் மின்னணுப் பொருள் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும். மைக்கும் சேர்ந்த ஒற்றைப் பிளக் என்றால் நான்கு பகுதிகள் இருக்கும். அதற்கு அதே வகையைத்தான் வாங்க வேண்டும்.

செய்முறை இதுதான்:

1. பழைய பிளக்கிலிருந்து 3 செ.மீ. தள்ளி வயரை வெட்டுங்கள்.

2. புதிய பிளக்கின் மூடியை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். நான் இதை மறந்து, பற்றவைத்ததை மீண்டும் பிரிக்க வேண்டியதாயிற்று.

3. மேலுறையைச் சுமார் 1.5 செ.மீ. நீக்குங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளின் மேல் உள்ள நிறம் மின்காப்புப் பூச்சு. அது போகாமல் ஈயம் ஒட்டாது. சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயத்துளி வைத்து, கம்பி முனையை அதில் சில வினாடி காட்டினால் பூச்சு எரிந்துவிடும். ஊடே உள்ள நூலிழைகளை வெட்டிவிடுங்கள்.

4. பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து பாருங்கள். பொதுவுக்கும் ஒரு நிறக் கம்பிக்கும் இடையே 32 ஓம் இருந்தால், இரு நிறக் கம்பிகளுக்கும் இடையே சுமார் 64 ஓம் காட்டும். தொடரிணைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

5. கம்பிகளை அதனதன் இடத்தில் பற்றவையுங்கள். ஒன்றையொன்று தொடக் கூடாது. பிளக்கின் உலோகப் பிடியை மேலுறையின் மீது இறுக்கி, மூடியைத் திருகுங்கள்.

பற்றவைப்பதை ஆசிரியரே செய்வது நல்லது. சன்னல் திறந்திருக்கட்டும், வேலை முடிந்ததும் கைகழுவ வேண்டும். அளப்பதையும் சோதிப்பதையும் மாணவர்களிடம் விடலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ளவற்றைப் பிரிக்க வேண்டாம். தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டிலும் குறித்துவிடுங்கள்.

ஐந்தும் சரியாகிவிட்டன. அவற்றில் ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த மாணவி விடுபட்ட பயிற்சிகளை மீண்டும் எழுதினாள். பழைய மதிப்பெண்களை அடித்துத் திருத்தினேன். "அன்னைக்கே நீ சரியாத்தான் சொன்னே, நான்தான் சரியாப் பார்க்கலை" என்று வகுப்பின் முன் சொன்னேன். இப்போது பயிற்சிக்கு முன் எல்லா ஹெட்போனிலும் பத்து வினாடி பேச்சு ஓட விடுகிறேன். கேட்காதவர்கள் கையை உயர்த்த வேண்டும். தயங்காமல் உயர்த்துகிறார்கள்.