கடனை வீட்டாரிடம் மறைக்கலாமா?



நமது அறக்கட்டளையில் கடன் நிவாரண உதவி கேட்டு வருபவர்களில் பலர், படிவத்தைக் கையில் வாங்கும்போதே தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார்கள்: "இது வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லையே?" கேட்பவர்கள் ஊதாரிகளோ சூதாடிகளோ அல்லர். முதல் சஃப்பில் நின்று தொழுபவர்கள், தங்கைக்கு நல்ல முறையில் நிக்காஹ் முடித்து வைத்தவர்கள், கடைத்தெருவில் நாலு பேர் மதிக்கும்படி இருப்பவர்கள். அந்த மதிப்புதான் அவர்களைப் பேசவிடாமல் வாயைக் கட்டுகிறது. ஊரார் முன் மானம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். மனைவியும் மக்களும் தம்மைப் பற்றி வைத்திருக்கும் நல்லெண்ணம் போய்விடுமே என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

வியாபாரம் நொடித்தவர் மனைவியின் நகையை எடுத்து அடகு வைக்கிறார். கேட்டால் "பேங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது" என்கிறார். பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ அவள் நகையைக் கேட்கும்போது, அதே மாதிரியில் கவரிங் செய்து கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. வளைகுடாவில் வேலை போன பிள்ளை, அறைத்தோழர்களிடம் கடன் வாங்கி மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். "வேலை எப்படி இருக்கு தம்பி?" என்று அத்தா கேட்டால், "நல்லா இருக்கேன் அத்தா, ஒண்ணும் குறையில்லை" என்கிறான். இங்கே பெண்கள் குழுக் கடன் வாங்கி, வாரத் தவணை கட்ட முடியாமல், அதை அடைக்க இன்னொரு குழுவில் சேர்ந்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இவர்கள் சில நேரம் மார்க்கத்திலிருந்தே ஆதாரம் சொல்வதால் அதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. கணவன் மனைவியிடம் பொய் சொல்ல அனுமதி இருக்கிறதே என்கிறார்கள். முஸ்லிம் நூலில் உம்மு குல்தூம் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில், போரிலும், மக்களிடையே சமாதானம் செய்வதிலும், கணவன் மனைவி பேச்சிலும் சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்), தம்பதியர் விஷயத்தில் இது அன்பை வெளிப்படுத்திப் பேசுவது போன்றவற்றுக்கு உரியது என்றும், ஒருவர் மற்றவருக்குச் சேர வேண்டிய உரிமையைத் தடுக்கவோ, தமக்கு உரிமையில்லாததை எடுத்துக்கொள்ளவோ ஏமாற்றுவது ஹராம் என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை என்றும் விளக்குகிறார். நீ சமைத்ததுபோல் எங்கும் சாப்பிட்டதில்லை என்று சொல்வது ஒன்று. அவள் நகையை அடகு வைத்துவிட்டு லாக்கரில் இருக்கிறது என்பது வேறு. மஹராக வந்த நகையும் தாய்வீட்டில் போட்ட நகையும் அவளுடைய சொத்து. கணவரானாலும் அனுமதி இல்லாமல் தொட முடியாது.

இன்னொரு வாதம், நம் குறையை அல்லாஹ் மறைத்திருக்க நாமே ஏன் வெளிப்படுத்த வேண்டும் என்பது. தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மட்டும் இருக்கும் பாவத்துக்கு அது சரி. அதை ஊரில் சொல்லித் திரிவதைத்தான் மார்க்கம் கண்டிக்கிறது. கடன் ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அதில் கொடுத்தவருக்குப் பங்கு இருக்கிறது, நாளை அதைச் சுமக்கப்போகும் வாரிசுகளுக்கும் பங்கு இருக்கிறது. ஊராரிடம் மறைப்பது தவறில்லை. கஷ்டத்திலும் கையேந்தாமல் மானத்தோடு இருப்பவர்களை அல்லாஹ் குர்ஆனில் (2:273) சிறப்பித்தே கூறுகிறான். வீட்டாரிடம் மறைப்பதை இதன் கீழ் கொண்டுவர முடியாது.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டுப் பாதுகாவல் தேடுவார்கள். கடனைவிட்டு இவ்வளவு அதிகமாகப் பாதுகாவல் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டபோது, மனிதன் கடன்பட்டுவிட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்து மாறுகிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (புகாரி). கடனையும் பொய்யையும் நபியவர்கள் சேர்த்துச் சொன்னதன் பொருள், நம் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் எவருக்கும் விளங்கிவிடும். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது கடன் தேவைப்படுகிறது.

ஹிஜ்ரி 9இல் தபூக் படையெடுப்புக்குப் போகாமல் பின்தங்கிய கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். அதில் ஒரு பகுதியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. எண்பதுக்கும் மேற்பட்டோர் ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். கஅப் (ரலி) பேச்சுத் திறமை உள்ளவர், அவரும் ஒரு காரணம் சொல்லியிருக்க முடியும். தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று நபியவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, அவரைக் கடிந்துகொண்டவர்கள் அவருடைய சொந்தக் குலத்தார்தான். நீயும் ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர்கள் விடாமல் சொன்னதில், திரும்பிப் போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. பிறகு 50 நாள் யாரும் அவருடன் பேசவில்லை. அதன் பின்தான் தவ்பா ஏற்கப்பட்டதாக வசனம் (9:118) இறங்கியது. உண்மை சொன்னவருக்கு உடனே நிம்மதி கிடைத்துவிடும் என்று நாமும் யாருக்கும் ஆசை காட்ட முடியாது. சில வாரங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோகலாம்.

மறைத்த கடன் கடைசியில் வெளிவரும் இடம் எது தெரியுமா? பள்ளிவாசல் முற்றம். ஜனாஸா தொழுகைக்கு முன் மவுத்தானவரின் மகன் எழுந்து, "எங்க அத்தாவுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பொறுப்பு" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். எவ்வளவு என்று தெரியாமலே அந்தப் பிள்ளை பொறுப்பேற்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எழுத்து இருக்காது, சாட்சி இருக்காது. உண்மையாகக் கொடுத்தவர் யார், இதுதான் சமயமென்று வந்தவர் யார் என்று கண்டுபிடிக்க அந்தக் குடும்பத்துக்கு வழியில்லை. சொத்துப் பங்கீட்டுக்கு முன்பே மரண சாசனமும் கடனும் தீர்க்கப்பட வேண்டும் என்று குர்ஆன் (4:11, 12) கூறுகிறது. கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடும் 2:282தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். ஒரு சின்ன நோட்டில் யாருக்கு, எவ்வளவு, எதன் பேரில், எப்போது தர வேண்டும் என்று எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது அது இருக்கும் இடத்தைச் சொல்லி வைப்பது இந்த வசனத்தின்படி நடப்பதுதான்.

இப்போது செல்போன் கடன் ஆப்கள் வேறு வந்திருக்கின்றன. அனுமதியில்லாத பல ஆப்கள் போனில் உள்ள எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் மாமனார் முதல் கடை முதலாளி வரை அசிங்கமாகச் செய்தி அனுப்புகின்றன. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் அவர்களுக்கு மூலதனம். வீட்டாருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த மிரட்டலில் பாதி அங்கேயே போய்விடும். கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டல் வந்தால் பணத்தைக் கட்டிக்கொண்டே போகாமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு மாப்பிள்ளை கட்டிய மாடியைக் காட்டித் தினம் பேசும் வீட்டில், கடை ஓடவில்லை என்று ஒருவர் எப்படி வாய் திறப்பார்? சொன்ன அன்றே சம்பந்தி வீடு வரை செய்தியைக் கொண்டுபோனால், அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். முதல் நாள் கோபம் வருவது இயல்பு. அன்று கணக்கை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பேச வேண்டியதை மறுநாள் பேசுங்கள்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர் (9:60). ஆகவே உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பித்தவர் பெயர் அறங்காவலர்களைத் தாண்டி ஜமாஅத்தில் யாருக்கும் தெரிவிக்கப்படாது. ஆனால் இனி கடன் நிவாரணப் படிவத்தில் கணவர் அல்லது மனைவியின் கையொப்பமும், திருமணமாகாதவர் என்றால் பெற்றோரில் ஒருவரது கையொப்பமும் இருக்க வேண்டும். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒன்றை மறைத்து மற்றதை அடைத்தால் ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டியிருக்கும். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாதவர்கள் மஃரிபுக்குப் பின் அலுவலகத்துக்கு வந்து சொன்னால், எங்களில் வயதில் மூத்த ஒருவர் உடன் வந்து பேசுவார். பெண்களுக்காக மதரஸா ஆலிமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.