எடை எங்கே குறைகிறது?

காஞ்சிபுரத்தில் எடை குறைந்த பட்டுச் சேலை கேட்கும் விவரமானவர், அந்த எடை எதில் குறைந்தது, இழையிலா ஜரிகையிலா என்று விசாரித்த பிறகுதான் விலை பேசுவார். மெதுவாக வீசுபவர்களுக்கென்று விற்கப்படும் எடை குறைந்த ஹைப்ரிட் கோல்ஃப் மட்டையை வாங்குபவரும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். கொடைக்கானல், ஊட்டி, வெலிங்டன், கோவை, சென்னையின் நந்தனம் என்று தமிழ்நாட்டில் கோல்ஃப் மைதானங்கள் பல உண்டு. நடக்க முடிகிறவரை ஆடலாம் என்பதால், ஓய்வுக்குப் பிறகும் தொடரக்கூடிய ஆட்டம் இது. ஆனால் வயது ஏற ஏறத் தோளும் இடுப்பும் இறுகி, வீச்சின் வேகம் குறைகிறது. மிகப் பெரிய மட்டையான டிரைவரை மணிக்கு 85 மைல் வேகத்துக்குக் கீழே வீசுபவரைப் பொதுவாக மெதுவான ஆட்டக்காரர் என்பார்கள். இவர்கள் இழப்பது தூரத்தை மட்டுமல்ல, பந்து பறக்கும் உயரத்தையும்தான். மட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மீட்க வேண்டியது இந்த உயரத்தை என்பதே என் வாதம்.

மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அடிபட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி மேலே எழுகிறது. அந்தச் சுழற்சியே பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது. வேகம் குறைந்தால் இந்தத் தாங்குதலும் குறையும். சாய்வு குறைவான நீண்ட இரும்பு மட்டையை மெதுவாக வீசினால் பந்து தாழப் பறந்து, விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டோடும். குழி இருக்கும் புல்தரையில் பந்தை நிறுத்த முடியாது. முன்னால் மணற்குழியோ தண்ணீரோ இருந்தால் அதில் போய் விழும். ஹைப்ரிட் இந்த நீண்ட இரும்பு மட்டைக்கு மாற்றாக வந்தது. அதன் தலை இரும்பு மட்டையின் தலையைவிடத் தடித்து, பின்புறம் நீண்டிருக்கும். எடையின் மையம் தாழ்ந்தும் பின்தள்ளியும் அமைவதால், அதே சாய்விலும் பந்து எளிதாக மேலே எழும். நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் வேக இழப்பு குறைவு. இந்த நன்மைகள் எல்லாம் தலையின் அமைப்பால் வருகின்றன. மட்டை இலேசானதால் வருவதில்லை.

அப்படியானால் எடையைக் குறைப்பதில் பயனே இல்லையா? உண்டு, சரியான இடத்தில் குறைத்தால். எஃகுத் தண்டு பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் தண்டு 50 முதல் 80 கிராமில் கிடைக்கிறது. தண்டில் குறையும் எடை கையின் சிரமத்தையும், கிராஃபைட் முழங்கைக்கு ஏறும் அதிர்வையும் தணிக்கும். வேகமும் சற்றுக் கூடலாம். ஆனால் அது விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இருக்காது. தலையின் எடை வேறு விஷயம். பந்தை உந்துவது தலைதான். அதை அளவுக்கு மீறிக் குறைத்தால் மோதலின் வலு குறையும். வீசும்போது தலை எங்கே இருக்கிறது என்ற உணர்வும் போய், அடி இடம் மாறி விழும். தண்டு இலேசாகவும் தலை கையில் உணரும்படியும் இருப்பதே நல்ல ஹைப்ரிட்.

ஹைப்ரிட் பலவீனர்களின் மட்டை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் 2009இல் அமெரிக்காவின் ஹேசல்டைன் மைதானத்தில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில், 200 கஜத்துக்கும் அதிகமான தூரத்திலிருந்து தென்கொரியாவின் ஒய்.இ. யாங் ஹைப்ரிட்டால்தான் பந்தைக் கொடிக்கு அருகே நிறுத்தினார். டைகர் உட்ஸை வென்று, மேஜர் பட்டம் பெற்ற முதல் ஆசிய ஆண் வீரரானார். உடற்பயிற்சியால் வேகத்தைக் கூட்டலாமே என்ற இன்னொரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயிற்சி பலன் தரும்வரை பொருந்தாத மட்டையோடு போராட வேண்டியதில்லை. பெரிய தலை கொண்ட ஏழாம் எண் வுட் மட்டை இன்னும் உயரமாக அடிக்குமே என்பாரும் உண்டு. செங்குத்தாக இறக்கி வீசாமல் பந்தைப் புல்லோடு வருடிச் செல்பவருக்கு அது பொருந்தலாம். உயரமான புல்லில் சிக்கிய பந்தை எடுக்க ஹைப்ரிட்டின் சிறிய தலையே வசதி.

வாங்கும்போது மட்டையின் மேலுள்ள எண்ணை நம்பக் கூடாது. சாய்வைப் பாகையில் கேட்க வேண்டும். ஒரே எண் கொண்ட மட்டை ஒவ்வொரு நிறுவனத்திலும் வெவ்வேறு சாய்வில் வருகிறது. தண்டின் வளைவைக் குறிக்கும் சீனியர், ரெகுலர் என்ற பெயர்களுக்கும் பொது அளவுகோல் கிடையாது. மெதுவாக வீசுபவர் 19 பாகை மட்டையைவிட 22 முதல் 28 பாகை வரையிலான மட்டைகளை முதலில் அடித்துப் பார்ப்பது நல்லது. ஒரு சுற்றுக்கு 14 மட்டைகளே அனுமதி என்பதால், புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டியிருக்கும். ஒரே தூரம் போகும் இரண்டு மட்டைகளைச் சுமப்பது வீண். முழுத் தொகுப்பையும் ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம். அதிகம் தடுமாற வைக்கும் நீண்ட இரும்பு மட்டை ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். கடைக்குப் பழைய மட்டையையும் கொண்டுபோங்கள். இரண்டாலும் பத்துப் பத்துப் பந்து அடித்து, மிக நன்றாகப் போன ஒரு பந்தை விட்டுவிட்டு மீதி ஒன்பதையும் பாருங்கள். அவை பழையதைவிட உயரமாகப் பறந்து, நெருங்கி விழுந்தால் வாங்குங்கள். கைக்கு இலேசாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.