வாடகை வீட்டுக்கும் ஒரு மார்க் ஷீட்!

போன மாதம் ஒரு அம்மா வந்திருந்தார். நோயாளி அவர் இல்லை, பேரன். நாலு வயசு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மகள் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

"ராத்திரியானா இளைப்பு டாக்டர். லீவுக்கு இங்க வந்தா நல்லா இருக்கான். திரும்பிப் போனா மறுபடி ஆரம்பிச்சுடுது. ஆடாதோடை, தூதுவளைன்னு ஏதாச்சும் கொடுங்களேன், பார்சல்ல அனுப்பிடறேன்."

ஊர் மாறினால் அடங்குகிற இளைப்பு என்றால், முதலில் வீட்டைத்தான் விசாரிக்க வேண்டும். "பிள்ளை படுக்கிற ரூம் எப்படி இருக்கு?" என்றேன். செல்போனில் படம் காட்டினார். கட்டிலை ஒட்டிய சுவரில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. பூஞ்சை!

"ஹீட்டர் போட்டா பில் எகிறுதாம். ராத்திரி அணைச்சுடறாங்க."

குளிரும் ஈரமும் ஐயத்தைக் கூட்டும் என்பது சித்த மருத்துவப் பாடம். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சொல்லிவிட்டது. சுவர் சூட்டைத் தாங்காமல் வெளியே விட்டால் ஹீட்டர் என்ன செய்யும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. சுவர், கூரை, ஜன்னல், பாய்லர் எல்லாம் பார்த்து வீட்டுக்கு 'ஏ' முதல் 'ஜி' வரை கிரேடு போடுவார்கள். பத்து வருடம் செல்லும். குடிவருபவருக்கு வீட்டுக்காரர் அதை இலவசமாகத் தர வேண்டும். 2020 ஏப்ரல் முதல், தனியார் வாடகை வீடு குறைந்தது 'இ' கிரேடாவது வாங்கியிருக்க வேண்டும். 'எஃப்', 'ஜி' என்றால் வீட்டுக்காரர் 3,500 பவுண்டு வரை செலவழித்துச் சீர் செய்ய வேண்டும். விதிவிலக்கு என்றால் அதையும் முறைப்படி பதிந்திருக்க வேண்டும். மீறினால் கவுன்சில் 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

"ஐயோ, கேட்டா காலி பண்ணச் சொல்லிட்டா?"

நியாயமான பயம். ஆனால், கிரேடைப் பார்க்க வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம். அரசாங்க இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் தெரிந்துவிடும்.

ஒன்று... 'இ' வாங்கிய வீட்டிலும் பூஞ்சை வரும். சான்றிதழ் அதை அளப்பதில்லை. பூஞ்சைக்கும் கடுங்குளிருக்கும் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் தனியாகப் புகார் கொடுக்கலாம். ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சையால் வந்த மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று 2022-ல் விசாரணை அதிகாரி சொன்னார். பெற்றோர் முறையிட்டபோது, மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்களாம்! அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் முதல் சமூகக் குடியிருப்புகளில் அமலாகியிருக்கிறது.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் எழுதிக் கொடுத்தேன். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடணும், ஈரத்துணியை ரூமுக்குள் காயப் போடக் கூடாது, சமைக்கும்போது ஜன்னலைத் திறக்கணும். முக்கியமாக, அங்குள்ள டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. மூலிகை பார்சல் இப்போதைக்கு வேண்டாம் என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நேற்று போன் வந்தது. "பார்த்துட்டா டாக்டர். 'எஃப்'பாம். விதிவிலக்கும் பதியலை. படத்தோட கவுன்சிலுக்கு எழுதிட்டா."