திரைக்கு ஒரு செக்ரோல்

மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் அணிவகுப்பில் ஆள் கணக்கு எடுப்பார்கள். அது தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்னும் வருகை ஏட்டில் ஏறும். மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் துண்டுச்சீட்டில் என்ன இருந்தாலும், சம்பள நாளில் செல்லுபடியாவது அந்த ஏடுதான். இணையத் திரைகளைக் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க் என்னும் கருவிகளின் அடிப்படையும் இப்படி ஒரே ஏட்டை நம்புவதே. பலர் கருத்தும் பதிலும் எழுதும் திரையில் ஒருவர் ‘விருப்பம்’ பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை கூட வேண்டும், பொத்தானின் நிறம் மாற வேண்டும், வரிசையும் மாறலாம். வெறும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் மேலே 4, கீழே 3 என்று திரை முரண்படும். ஃபிரேம்வொர்க்கில் ஏடாக இருக்கும் தரவை மட்டும் மாற்றினால் போதும், திரையை அது மாற்றிக்கொள்ளும். ஃபேஸ்புக் 2013இல் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட், திரையின் புதிய வரைவைப் பழையதோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மட்டும் திருத்துகிறது. எவான் யூ என்பவர் 2014இல் வெளியிட்ட வியூ, எந்தத் தரவை எந்தப் பகுதி படித்தது என்று குறித்துவைத்து, அந்தப் பகுதியைப் புதுப்பிக்கிறது.

ஒரு சின்னப் பக்கத்துக்கு இவ்வளவு நிரலைக் கைப்பேசியில் இறக்க வேண்டுமா என்று கேட்கலாம். கோயில் திருவிழா அறிவிப்புக்கு வேண்டியதில்லைதான். ஆனால் பக்கம் பெரிதா சிறிதா என்பதைவிட, ஒரே தரவு எத்தனை இடத்தில் தெரிகிறது என்பதே கணக்கு. ஓரிடம் என்றால் கையாலேயே திருத்தலாம். நாலைந்து இடம் என்றால் எப்போதாவது கை தவறும்.

ஏட்டிலேயே பிழை ஏறினால் என்ன ஆகும் என்பது இன்னும் வலுவான கேள்வி. கருத்துக்கு எழுத்து வரம்பு வைத்திருப்பதாகக் கொள்வோம். ‘ஜாசின்’ என்ற மலாக்கா ஊர்ப்பெயர் நமக்கு 3 எழுத்து. துணைக்காலையும் மேல்விலங்கையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் நீள அளவு 6 என்கிறது. ‘மலாக்கா’ 4, அது சொல்வது 7. ரோமன் எழுத்தில் ஜாசின் 5, அங்கே கணக்கும் 5. ஆகவே ஒரே வரம்பு தமிழில் எழுதுபவரை முன்னதாகவே நிறுத்திவிடுகிறது. அந்தத் தவறான எண்ணை ஃபிரேம்வொர்க் எல்லா இடத்திலும் ஒன்றுபோலக் காட்டுகிறது. இதற்காக ஃபிரேம்வொர்க்கைக் கைவிட வேண்டியதில்லை. எழுத்தை நாம் எண்ணுவதுபோலப் பிரிக்கும் ‘இன்டல் செக்மென்டர்’ வசதி இப்போது முக்கிய உலாவிகளில் இருக்கிறது. கணக்கு ஓரிடத்தில் இருப்பதால் திருத்தமும் ஓரிடத்தில் முடியும். ஆனால் ஜாசினுக்கு எத்தனை எழுத்து என்பதைத் திரையைக் கட்டுபவர்தான் ஏட்டில் எழுத வேண்டும்.