பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: பேட்டரியும் எர்த் வயரும்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை. உடனே நாம் சொல்வது, "பேட்டரி போச்சு!" என்பதுதான். அடுகோடியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பழைய பிக்கப் வண்டிகளில் பல நேரங்களில் பேட்டரி நிரபராதி. குற்றவாளி, எஞ்சின் அடியில் துருவும் எண்ணெயும் படிந்து கிடக்கும் எர்த் இணைப்பு.

நம் அன்பர்களில் பழைய 207, 407 வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் பக்கமிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி வரும் ஒருவர், ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். விடியற்காலையில் வண்டி நின்றுவிட்டால் பூ வாடிவிடும். அன்றைய கூலியும் போய்விடும். அவர் வண்டியில் கெட்டிருந்தது கையகல நீளமுள்ள ஒரு செம்புப் பட்டை மட்டுமே.

எர்த் என்றால் என்ன?

வீட்டு விளக்குக்கு மின்சாரம் ஒரு கம்பியில் போய், இன்னொரு கம்பியில் திரும்புகிறது. வண்டியில் பெரும்பாலும் போகும் கம்பி மட்டுமே உண்டு. திரும்பும் பாதை வண்டியின் இரும்பு உடம்புதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து தடித்த கேபிள் சேஸிஸுக்குப் போகிறது. ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மீது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே சேஸிஸையும் எஞ்சினையும் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இணைக்கிறது.

"லைட் நன்றாக எரிகிறதே, பிறகு ஏன் செல்ஃப் சுற்றவில்லை?" என்று கேட்பார்கள். டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு ஏறக்குறைய 200 ஆம்பியர் தேவை. துருவினால் பாதையில் 0.01 ஓம் தடை சேர்ந்தாலே 2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். அதே தடையில் அது இழப்பது 0.05 வோல்ட்தான். அதனால்தான் விளக்கு பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றுகிறது.

முதலில் பேட்டரி

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பிறகு எர்த்

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். ஒருவர் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, எஞ்சினில் வைத்த முனையைச் சேஸிஸுக்கு மாற்றி மறுபடி பாருங்கள். இப்போது அளவு குறைந்தால் கோளாறு செம்புப் பட்டையில். குறையாவிட்டால் பேட்டரி கேபிளில் அல்லது அதன் டெர்மினலில்.

மீட்டர் இல்லாதவர்கள், ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் எஞ்சினையும் நேராக இணைத்து செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். சுறுசுறுப்பாகச் சுற்றினால் தீர்ப்பு தெரிந்துவிட்டது. இன்னொரு அடையாளமும் உண்டு. பட்டை அறுந்துபோனால் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியே திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சுடுகிறதா? உடனே வண்டியை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கும் காரியம்.

சரி செய்யும் முறை

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு அதில் வெடிக்கலாம். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

டெர்மினலில் பூத்த உப்பை, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவுங்கள். பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, அதன் கீழே உள்ள பெயிண்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். நைந்த பட்டையை மாற்றிவிடுங்கள், ஜே.சி. ரோடு கடைகளில் கிடைக்கும். பேட்டரிக்குத் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். காவிரித் தண்ணீர் நமக்கு அமிர்தம், பேட்டரிக்கு ஆகாது.

பேட்டரி என்றைக்கும் கெடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஆயுள் உண்டு. ஆனால் எர்த் கெட்ட வண்டியில் புதுப் பேட்டரி போட்டாலும் சில நாள்தான் ஒப்பேறும். கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே கடைக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும் முன் அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை பார்த்துவிட்டால், விடியற்காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்காது.