பயாப்சி முடிவு மறுநாளே ஏன் வருவதில்லை?

பயாப்சிக்காகச் சதைத் துணுக்கு எடுத்த அன்று மாலையே குடும்பத்தினர் பலரும் எங்களிடம் கேட்பது, "முடிவு நாளைக்குக் கிடைத்துவிடுமா?" என்பதுதான். இரத்தப் பரிசோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும்போது இதற்கு மட்டும் ஏன் சில நாள்கள் என்று ஐயுறுவது இயல்பே. கெட்ட செய்தி என்பதால்தான் தாமதிக்கிறார்களோ என்று எண்ணி உறக்கம் இழப்பவர்களும் உண்டு. அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை.

விருத்தாசலத்தாருக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊர்ப் பீங்கான் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பொம்மையை உடனே சூளையில் ஏற்றுவதில்லை. ஈரம் தங்கியிருந்தால் சூட்டில் வெடித்துவிடும் என்பதால் நன்றாக உலர விடுகிறார்கள். ஆய்வகத்திலும் அவசரப்படக் கூடாத வேலை நீரை வெளியேற்றுவதே. ஃபார்மலினில் பதப்பட்ட திசுவை, செறிவு குறைந்த ஆல்கஹாலில் தொடங்கிப் படிப்படியாகச் செறிவு மிகுந்ததற்கு மாற்றுகிறோம். அடுத்து சைலீன். அதன்பின் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் உருகிய பாரபின் மெழுகு. நீர் இருந்த இடத்தில் மெழுகு புகுந்து உறைகிறது. சிறிது நீர் எஞ்சினாலும் அவ்விடத்தில் மெழுகு ஏறாது. வெட்டும்போது திசு நொறுங்கும்.

வெட்டும் கருவிக்கு மைக்ரோடோம் என்று பெயர். குளிரவைத்த மெழுகுக் கட்டியைப் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் கட்டி 3 முதல் 5 மைக்ரான் வரை முன்னேறிக் கத்தியில் பட்டு ஒரு சீவலைத் தருகிறது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். பாக்குச் சீவலை நினைத்துக்கொள்ளாதீர்கள். தலைமுடியின் தடிப்பே இதைப்போல் பத்து மடங்குக்கு மேல். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்துகிறோம். பின்னர் சாயம் ஏற்றினால் செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

கத்தியில் சிறு பிசிறு இருந்தாலும் சீவலில் நீளக் கோடு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மருத்துவரைக் குழப்பும். இவற்றையெல்லாம் மறுபடி வெட்டிச் சரிசெய்யலாம். ஆனால் எண்டோஸ்கோபியில் எடுத்த துணுக்கு அரிசிமணியைவிடச் சிறியது. அவசரத்தில் ஆழமாகச் சீவித் தள்ளிவிட்டால் பார்க்க வேண்டிய பகுதியே போய்விடும். நோயாளி மீண்டும் ஒரு முறை படுக்க வேண்டியதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே நிதானமாகச் சுற்றுகிறோம்.

எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க மேலும் சில நாள்கள் ஆகும். அறுவை சிகிச்சையின் நடுவே உடனே தெரிந்தாக வேண்டுமானால், திசுவை உறையவைத்து வெட்டும் முறை உண்டு. அதில் தெளிவு சற்றுக் குறைவு.

குடும்பத்தினர் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. துணுக்கை வேறு ஊர் ஆய்வகத்துக்கு நீங்களே எடுத்துச் செல்ல நேர்ந்தால், மருத்துவர் வேறு சொல்லாதவரை அது ஃபார்மலினில்தான் இருக்க வேண்டும். வெறுந்தண்ணீரில் போட்டால் திசு கெடும். திரவம் துணுக்கைப்போல் பத்து மடங்கு இருப்பது நல்லது. பெயர் மூடியில் அல்லாமல் புட்டியின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ் வேண்டாம். வழியில் திறக்கவும் வேண்டாம். அதன் நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ செல்வோர் அறிக்கையை மட்டும் கொண்டுபோவது போதாது. ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்கே அதிலிருந்து புதிதாகச் சீவிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியிராது. கட்டியைக் கைப்பையில் வையுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் மெழுகு இளகியிருக்கும்.