உங்களுக்குத் தெரியுமா? ஹென்றியின் கணக்கும் ஜோயலின் கணக்கும்
2023-இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரில், பூஞ்சைத் தொற்று உலகைச் சிதைத்த பிறகு நடக்கும் இரண்டு குற்றங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. ரத்தப் புற்றுநோய் வந்த தம்பி சாமுக்கு மருந்து கிடைக்க, கான்சஸ் நகரக் கிளர்ச்சித் தலைவரை ராணுவ நிர்வாகத்திடம் காட்டிக்கொடுக்கிறான் ஹென்றி. பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து காண, அத்தொற்று தாக்காத சிறுமி எல்லியின் உயிரைப் பலியிடத் துணியும் மருத்துவரையும் காவலர்களையும் சுட்டுக்கொல்கிறான், அவளைக் காத்துவந்த ஜோயல். காட்டிக்கொடுத்தவனும் இத்தனை பேரைக் கொன்றவனும் ஒன்றா என்று கேட்கலாம். உயிர்ச்சேதத்தில் இருவரும் நிகரல்லர்தான். ஆனால், ஒரு பிள்ளைக்காக மற்ற எல்லாரையும் பணயம் வைக்கும் நியாயம் இருவருக்கும் பொது. உண்மையான வேறுபாடு அதற்குப் பின்தான் வருகிறது: ஹென்றி தான் கெட்டவன் என்று ஜோயலிடமே ஒப்புக்கொள்கிறான், ஜோயலோ முதல் பருவத்தின் முடிவில் எல்லியிடம் நடந்ததை மறைத்துப் பொய் சொல்கிறான்.